வென்ற எலிக்கும் ஹார்மோன் ஏறுகிறதே: சமூகத் தோல்வி அழுத்தம் குறித்து ஓர் ஐயம்

விலங்கியல் ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது, பாடநூலில் இல்லாத ஒன்றைச் சுவைக்காகச் சேர்த்துச் சொன்னேன். ஒரு சுண்டெலியை அதைவிடப் பெரிய, முரட்டுச் சுண்டெலியின் கூண்டில் விட்டால் அது அடிபட்டுத் தோற்கும் என்றும், அப்படிப் பல நாட்கள் தோற்ற சுண்டெலியின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன் உயர்ந்து, அது மனச்சோர்வைப் போன்ற நிலைக்குப் போய்விடும் என்றும் விளக்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, ஜெயித்த எலியும் அதே சண்டையைத்தானே போட்டது, அதற்கு ஹார்மோன் ஏறாதா? ஏறினால் அதுவும் சோர்ந்துபோக வேண்டாமா?" என்று கேட்டாள். மறுநாள் சொல்கிறேன் என்று தப்பித்து வந்துவிட்டேன். அந்த மறுநாள் நாளைதான். இத்துறையில் வேலை பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால் உதவ வேண்டுகிறேன்.

கூண்டுக்காரன்:
ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஆய்வகத்தில் சில ஆண்டுகள் இந்தச் சோதனையையே செய்துகொண்டிருந்தவன் என்பதால்தான் இந்தப் புனைபெயர். உங்கள் மாணவியின் கேள்வி மிகச் சரியானது; பல கட்டுரைகள் அதைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் போகின்றன.

வென்ற விலங்குக்கும் ஹார்மோன் ஏறத்தான் செய்கிறது. ஹைப்போதலாமஸ் சிஆர்எச் என்ற தூண்டியைச் சுரக்க, அதனால் பிட்யூட்டரி ஏசிடிஎச்-ஐ விடுவிக்க, அது அட்ரீனல் புறணியைத் தட்டியெழுப்ப, கார்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. இந்தச் சங்கிலிக்கு வெற்றி தோல்வி தெரியாது. உடலுக்கு எரிபொருள் வேண்டும் என்பது மட்டுமே தெரியும். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் கூல்ஹாஸ் குழுவினர் 2011-இல் அழுத்தம் என்ற சொல்லையே மறுபரிசீலனை செய்து எழுதிய கட்டுரையில் இதை அழகாகக் காட்டினார்கள். ஆண் எலி பெண் எலியோடு இணைசேரும்போதும் கார்டிகோஸ்டிரோன் தோல்வியின்போது ஏறும் அளவுக்கு நெருங்கி ஏறுகிறது. அதை யாரும் துன்பம் என்று சொல்ல மாட்டோம் அல்லவா?

வேறுபாடு உச்சியில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. வென்ற எலியில் அளவு விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. தோற்ற எலியிலோ நெடுநேரம் இறங்காமல் நிற்கிறது. அதோடு தோற்றவனின் டெஸ்டோஸ்டிரோன் சரிகிறது. ஆகவே கரும்பலகையில் ஒரே உயரத்துக்கு ஏறி, வெவ்வேறு வேகத்தில் இறங்கும் இரண்டு கோடுகளை வரையுங்கள். ஒரே ஒரு நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுப்பதற்காகச் சுண்டெலியைக் கையில் பிடிப்பதே அதற்கு அழுத்தம்தான். கூண்டைத் தொட்டதிலிருந்து ஏறத்தாழ 3 நிமிடங்களுக்குள் வாலிலிருந்து துளியை எடுத்துவிட வேண்டும். பிந்தினால் நாம் அளப்பது சண்டையின் ஹார்மோனை அன்று, நம் கைவிரல்களின் ஹார்மோனைத்தான். புதிதாகச் சேர்ந்தபோது நான் அளந்த முதல் தொகுதி மாதிரிகளில் அடிபடாத ஒப்பீட்டுச் சுண்டெலிகளே அடிபட்டவற்றைவிட அதிக அளவைக் காட்டின. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன்.

மருத்துவ மாணவி:
எங்கள் பாடத்தில் எப்போதும் கார்டிசால் என்றுதான் வரும். நீங்கள் கார்டிகோஸ்டிரோன் என்கிறீர்களே, இரண்டும் ஒன்றா? மேலும், அந்தச் சண்டையை எப்படி ஏற்பாடு செய்வீர்கள் என்பதையும் விளக்க முடியுமா? "தோல்வி" என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறீர்கள்?

கூண்டுக்காரன்:
இரண்டும் ஒன்றல்ல. எலிக்கும் சுண்டெலிக்கும் அட்ரீனல் புறணியில் கார்டிசாலைச் செய்வதற்கு வேண்டிய 17-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் நொதி செயல்படுவதில்லை; ஆகவே அவற்றின் முதன்மை ஹார்மோன் கார்டிகோஸ்டிரோன். மனிதரில் அந்த இடத்தைப் பிடிப்பது கார்டிசால். ஹாம்ஸ்டர் என்ற கொறிவிலங்கின் ரத்தத்தில் இரண்டுமே உண்டு. மேலும், எலிகள் இரவாடிகள் என்பதால் அவற்றின் உச்சம் மாலையில் வரும், நமக்குக் காலையில் வரும். நேரத்தைக் குறிக்காமல் ஹார்மோன் அளவை மட்டும் எழுதிவைத்தால் பயனில்லை.

சண்டையின் அடிப்படை எளியது. தன் இடத்தில் நெடுநாள் இருந்த ஆண் விலங்கு, உள்ளே நுழையும் அந்நிய ஆணைத் தாக்கும். இதைத்தான் குடியிருப்போன், ஊடுருவி என்று அழைப்பார்கள். அமெரிக்காவில் கிளாஸ் மிக்செக் 1979-இல் எலிகளில் இதை ஒழுங்கான சோதனையாக வகுத்தார். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் குத்ரியாவ்த்சேவா குழுவினர் 1990-களின் தொடக்கத்தில், சுண்டெலிகளை நாள்தோறும் தோற்கவைத்து, இடைவேளையில் துளையிட்ட தடுப்பின் இருபுறமும் வாழவைக்கும் முறையை மனச்சோர்வு மாதிரியாகக் கையாண்டார்கள். இப்போது பரவலாக உள்ள பத்து நாள் முறை 2006-இல் பெர்ட்டன், நெஸ்ட்லர் முதலியோர் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னரே எங்கும் பரவியது.

நடைமுறை இப்படி இருக்கும். இனப்பெருக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற, சிடி1 என்ற ஆய்வக வகை ஆண் சுண்டெலிகளை முதலில் சலித்தெடுப்போம். ஒரு நிமிடத்துக்குள் பாயாதவனுக்கு வேலை இல்லை. வெள்ளையாகவும் கனமாகவும் இருக்கும் அவனுடைய கூண்டில் சி57 வகைக் கருப்புச் சுண்டெலியை விடுவோம். வெள்ளையன் முதலில் வாலைத் தரையில் படபடவென அடிப்பான், பிறகு முதுகையும் விலாவையும் நோக்கிப் பாய்வான். கருப்புச் சுண்டெலி ஓடும், கீச்சிடும், சற்று நேரத்தில் மூலையில் பின்கால்களில் எழுந்து முன்கால்களைத் தொங்கவிட்டபடி அசையாமல் நிற்கும். அந்த நிலையைத்தான் தோல்வி என்று குறித்துக்கொள்கிறோம். ஐந்து முதல் பத்து நிமிடங்களில் நிறுத்திவிட்டு, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை நடுவில் இறக்குவோம். அடுத்த 24 மணி நேரமும் கடித்தவனின் மணமும் முகமும் மூச்சுச் சத்தமும் தகட்டுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே இருக்கும். மறுநாள் வேறொரு வெள்ளையனின் கூண்டு. இப்படிப் பத்து நாள், பத்துப் பேர்.

என் கணிப்பில், கடியைவிட அந்தத் தகடுதான் அதிக வேலை செய்கிறது.

ஐயப்பாடு:
மன்னிக்கவும், இதில் எனக்கு ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. பத்து நாள் வெள்ளைச் சுண்டெலிகளிடம் கடிபட்டது, பதினோராம் நாள் சோதனைப் பெட்டியில் விட்டால், அங்கே வலைக்கூட்டுக்குள் இன்னொரு வெள்ளைச் சுண்டெலி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் மூலைக்குப் போகிறது. நீங்கள் உடனே அதற்கு "சமூக விலகல்", "மனச்சோர்வு" என்று பெயர் சூட்டுகிறீர்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பது நம் ஊர்ப் பழமொழி. அந்தப் பூனையை யாரும் மனநோயாளி என்று சொல்வதில்லை. விலகாமல் மறுபடியும் போய் முகர்ந்து பார்ப்பதையோ "தாங்குதிறன் கொண்டது" என்று பாராட்டுகிறீர்கள். அது வெறும் மந்தபுத்தியாக இருக்கக்கூடாதா?

கூண்டுக்காரன்:
நியாயமான கேள்வி. துறைக்குள்ளேயே இதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடித்த இனத்தை மட்டும் விலக்கி, தன் இனத்தோடு இயல்பாகப் பழகும் சுண்டெலிக்கு நோய் இருப்பதாகச் சொல்லக்கூடாது, அது ஆபத்தையும் பாதுகாப்பையும் பிரித்தறியக் கற்றிருக்கிறது என்று வாதிட்டு, இரண்டு இனங்களையும் காட்டிச் சோதிக்கும் ஆய்வகங்கள் இப்போது உள்ளன. அந்தத் திருத்தத்தை நான் வரவேற்கிறேன். 42 சென்டிமீட்டர் சதுரப் பெட்டியில் இரண்டரை நிமிடம் வெற்று வலைக்கூடு, இரண்டரை நிமிடம் ஆள் இருக்கும் வலைக்கூடு என்று வைத்து, இரண்டின் விகிதத்தை ஒரே எண்ணாக்கி, அந்த எண்ணை வைத்து ஓர் உயிரை "பாதிக்கப்பட்டது", "தாங்கியது" என்று இரண்டாக வெட்டுவது எனக்கு எப்போதுமே உறுத்தலாகத்தான் இருந்தது.

ஆனால் பூனை உவமை முழுவதும் பொருந்தாது. 2007-இல் கிருஷ்ணன் முதலியோர் செல் இதழில் எழுதிய ஆய்வின்படி, விலகிய சுண்டெலிகள் எடை குறைந்தன. சர்க்கரைத் தண்ணீரையும் வெறுந்தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இனிப்பின் மேல் முன்பிருந்த நாட்டம் குறைந்தது. விலகல் நான்கு வாரங்களுக்குப் பின்னும் நீடித்தது. அடுப்பங்கரையைத் தவிர்க்கும் பூனை பாலை வெறுப்பதில்லை. மேலும் ஃப்ளூவாக்சிடின், இமிப்ரமின் ஆகிய மருந்துகளைச் சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்தால் விலகல் குறைகிறது, ஒரே ஒரு வேளை கொடுத்தால் குறைவதில்லை. மனிதரிலும் இந்த மருந்துகள் வாரக்கணக்கில்தானே வேலை செய்கின்றன.

தாங்கியவை மந்தபுத்தியா என்று கேட்டீர்கள். அதே ஆய்வில், தாங்கியவையும், தரையிலிருந்து உயர்த்திய கூட்டல் குறி வடிவப் பாதையில் விட்டுப் பதற்றத்தை அளக்கும் சோதனையில், பாதிக்கப்பட்டவற்றைப் போலவே சுவரில்லாத திறந்த கிளைகளைத் தவிர்த்தன. அவற்றின் கார்டிகோஸ்டிரோன் எதிர்வினையும் உயர்ந்தே இருந்தது. அதாவது பதற்றம் இரண்டு கூட்டத்துக்கும் பொது. எனவே "தாங்குதிறன்" என்பது ஒன்றும் நடக்காதது போல் இருப்பது அன்று. நடந்தது அவற்றுக்கும் நன்றாகத் தெரியும்.

கால்நடை மருத்துவர்:
ஐயப்பாடு நண்பருக்கு ஹாம்ஸ்டரைப் பற்றி ஒரு சொல். சிரிய ஹாம்ஸ்டர் தனித்து வாழும் விலங்கு; தன் கூண்டில் யார் வந்தாலும் பாய்ந்து துரத்தும். அதை ஒரே ஒரு முறை, வேறொருவன் கூண்டில் கால் மணி நேரம் தோற்கவிட்டு, மறுநாள் அதன் சொந்தக் கூண்டிலேயே தன்னைவிடச் சிறிய, தாக்கும் எண்ணமே இல்லாத இன்னொரு ஹாம்ஸ்டரை விட்டுப் பாருங்கள். நேற்றுவரை அந்தக் கூண்டின் அதிபதியாக இருந்தது, இன்று அந்தச் சிறியவனைக் கண்டு ஓடுகிறது, பணிகிறது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹுமன் குழுவினர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஆண்களில் இது ஒரு மாதம் கடந்தும் நீடித்ததாகக் கண்டார்கள். பெண்களில் மங்கலாகவும் குறுகிய காலத்துக்குமே இருந்தது. இதை வெறும் முன்னெச்சரிக்கை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் எச்சரிக்கையாக இருப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை.

ஆசிரியருக்கு இன்னொரு செய்தி. ஹவாயில் பிளான்சார்ட் இணையர் எலிகளுக்காக வளைகளும் திறந்த முற்றமும் கொண்ட ஒரு குடியிருப்பை அமைத்து, சில ஆண்களையும் பெண்களையும் சேர்த்துவிட்டார்கள். யாரும் சண்டையை ஏற்பாடு செய்யவில்லை. சில நாட்களில் ஒருவன் தலைவனானான். மற்ற ஆண்கள் எடை இழந்தார்கள், வளைக்குள்ளேயே பதுங்கினார்கள், அவர்களின் அட்ரீனல் பெருத்தது, நோயெதிர்ப்பு உறுப்பான தைமஸ் சுருங்கியது, டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. உறுப்பை அறுத்து எடைபோட்டாலே தெரியும் மாற்றங்கள் இவை. மாணவர்களுக்கு மூலக்கூறுகளைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லுங்கள்.

மருத்துவ மாணவி:
பெர்ட்டன் ஆய்வைத் தேடிப் படித்தேன், குழம்பிவிட்டேன். மனச்சோர்வில் பிடிஎன்எஃப் என்ற நரம்பு வளர்ச்சிக் காரணி குறைகிறது, மருந்துகள் அதைக் கூட்டுகின்றன என்றுதான் எங்களுக்கு மருந்தியல் வகுப்பில் சொன்னார்கள். இவர்களோ நடுமூளையில் பிடிஎன்எஃப்-ஐ அகற்றிய சுண்டெலிகள் தோல்விக்குப் பிறகும் விலகவில்லை என்கிறார்கள். எது சரி?

கூண்டுக்காரன்:
இரண்டும் சரி, இடம்தான் வேறு. நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் தோல்விக்குப் பிறகு பிடிஎன்எஃப் மரபணுவின் சில ஆர்என்ஏ படிகள் குறைகின்றன. 2006-இலேயே த்சான்கோவா முதலியோர் அதற்கான காரணத்தையும் காட்டினார்கள்: அந்த மரபணு சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அடக்கும் தன்மையுள்ள மெத்தில் என்ற வேதிக் குறிகள் ஏறி, கதவைப் பூட்டிவிடுகின்றன. இமிப்ரமின் அந்தப் பூட்டைத் திறப்பதில்லை. வேறிடத்தில் அசெட்டில் குறிகளைக் கூட்டிப் பக்கவாசல் வழியாக மரபணுவை இயக்குகிறது. குறிகள் அப்படியே தங்கிவிடுகின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சற்றுத் திகைப்பாகவே இருக்கிறது.

நீங்கள் படித்தது வேறு பாதை. நடுமூளையின் வெண்ட்ரல் டெக்மெண்டல் பகுதியிலிருந்து நியூக்ளியஸ் அக்கம்பென்ஸுக்குப் போகும் டோபமைன் நரம்புகள், எது முக்கியம், எதை நெருங்கலாம் என்று விலங்குக்குக் கற்றுக்கொடுப்பவை. அங்கே பிடிஎன்எஃப் அந்தப் பாடத்தை ஆழப் பதிக்கிறது. பாடம் "உன் இனத்தானிடமிருந்து விலகு" என்பதாக இருந்தால் அதையும் ஆழமாகவே பதிக்கும். அகற்றிவிட்டால் பதிவதில்லை. (ஐயப்பாடு நண்பர் இதைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார் என்று தெரியும், எடுத்துக்கொள்ளட்டும்.)

பாதிக்கப்பட்ட சுண்டெலிகளில் இந்த நரம்புகள் அளவுக்கு மீறித் துடிக்கின்றன. 2013-இல் சௌத்ரி முதலியோர் ஒளியைப் பாய்ச்சி அந்த நரம்புகளை வெடிப்பு வெடிப்பாகத் துடிக்கவைத்தபோது, அதுவரை தாங்கி நின்ற சுண்டெலிகள் சில நிமிடங்களில் விலகத் தொடங்கின. தாங்கியவற்றில் அந்தத் துடிப்பு ஏறவே இல்லையா என்றால், அதுதான் சுவையான இடம். 2014-இல் ஃப்ரீட்மன் முதலியோர் பார்த்தபோது, தாங்கியவற்றில் நரம்பைத் தூண்டும் மின்னோட்டம் பாதிக்கப்பட்டவற்றில் இருந்ததைவிடவும் அதிகமாக இருந்தது. அந்த மிகுதியே பொட்டாசியம் வாய்க்கால்களைக் கூட்டித் துடிப்பை இயல்புக்கு இறக்கிவிட்டிருந்தது. தாங்குவதற்கும் உடல் உழைக்கிறது. தாங்காதவற்றில் அந்த உழைப்புதான் நடக்கவில்லை.

கால்நடை மருத்துவர்:
மூளையோடு நிறுத்திவிடாதீர்கள். கடி என்றால் புண், புண் என்றால் நோயெதிர்ப்பு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷெரிடன் குழுவினர் கூண்டுச் சுண்டெலிகளிடையே ஒரு முரடனைத் தினமும் சில மணி நேரம் விட்டுப் பார்த்தார்கள். கார்டிகோஸ்டிரோன் வழக்கமாக அழற்சியை அடக்கும் ஹார்மோன். ஆனால் தோற்ற சுண்டெலிகளின் மண்ணீரல் செல்கள் அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. அதாவது ரத்தத்தில் ஹார்மோன் ஏராளமாக இருக்கும், அழற்சியும் குறையாது. மாணவியின் கேள்வியோடு இதைப் பொருத்திப் பாருங்கள்: எவ்வளவு ஹார்மோன் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதை யார் கேட்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. 2017-இல் மெனார்ட் முதலியோர், பாதிக்கப்பட்ட ஆண் சுண்டெலிகளின் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில் ரத்தக் குழாய்ச் சுவரை இறுக்கிப் பிடிக்கும் கிளாடின்-5 புரதம் குறைந்து, அழற்சிப் பொருட்கள் மூளைக்குள் கசிவதைக் கண்டார்கள்.

இரவு வாசகர்:
தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருக்கிறேன், இனி வரவும் வராது. இதைச் செய்யத்தான் வேண்டுமா? மேலும் எல்லாம் ஆண், ஆண் என்றே இருக்கிறதே. மனச்சோர்வு பெண்களுக்கு அதிகம் என்கிறார்களே?

கூண்டுக்காரன்:
இரண்டாவது கேள்வி இத்துறையின் பழைய கடன். ஆய்வகத்துச் சிடி1 ஆண், பெண் சுண்டெலியைத் தாக்குவதில்லை. அதனால் வசதியாகப் பெண்களை விட்டுவிட்டார்கள். கலிபோர்னியாச் சுண்டெலி என்ற இனத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே எல்லையைக் காப்பார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டிரெய்னர் குழுவினர் அவற்றைத் தோற்கவைத்தபோது, சமூக விலகல் பெண்களில்தான் தெளிவாகத் தெரிந்தது. ஹாம்ஸ்டரில் ஒன்று, இங்கே நேர்மாறு. ஆகவே "பெண்களில் இப்படி" என்று யாராவது ஒரே வாக்கியத்தில் சொன்னால், எந்த இனத்துப் பெண் என்று கேளுங்கள். அண்மைக் காலத்தில் ஆண் சிறுநீரைப் பெண் சுண்டெலியின் மேல் தடவியும், முரடனின் ஹைப்போதலாமஸைத் தூண்டியும் தாக்கவைக்கிறார்கள். அது எனக்கு அவ்வளவாக மனம் ஒப்பவில்லை. இயல்பாக நடக்காத ஒன்றை வைத்து எதை அளக்கிறோம்?

முதல் கேள்விக்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், பெரிய புண் கண்டால் அந்தச் சுண்டெலியை உடனே விலக்க வேண்டும், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு, பின்பற்றினோம். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு இன்னொன்று அடிபடுவதைப் பார்க்க மட்டும் வைத்த சுண்டெலிகளும் பிறகு விலகுகின்றன என்று தெரிந்தபோது, கடியே இல்லாமல் ஆய்வு செய்ய ஒரு வழி கிடைத்ததாகச் சிலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் அந்த வேலையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

விலங்கியல் ஆசிரியர்:
அனைவருக்கும் நன்றி. இரண்டு கோடுகளையும் வரைந்தேன், எலிக் குடியிருப்பையும் சொன்னேன். அதே மாணவி மறுபடியும் எழுந்தாள். "தோற்ற பிறகு அதைத் தனியாகவா வைப்பார்கள்?" என்று கேட்டாள். ஆம் என்றேன், நீங்கள் மேலே எழுதியதை வைத்து அப்படித்தான் எனக்குப் புரிந்தது. "அப்படியானால் அது தோற்றதால் அப்படி ஆனதா, தனியாக இருந்ததால் ஆனதா?" என்றாள். மணி அடித்துவிட்டது.

கூண்டுக்காரன்:
ஐயா, அந்தப் பெண்ணின் கேள்வியைக் குரோனிங்கனில் 1990-களின் இறுதியில் சோதித்தே பார்த்தார்கள். ஒரே அளவு தோற்ற எலிகளில் சிலவற்றைத் தனியாகவும், சிலவற்றைப் பழகிய துணைகளோடும் வைத்தார்கள். தனியாக இருந்தவற்றில் பதற்றமும் ஹார்மோன் கோளாறும் நீடித்தன. துணையோடு இருந்தவை பெருமளவு மீண்டன. நாங்கள் செய்த பத்து நாள் முறையில், கடைசித் தோல்விக்குப் பிறகு எல்லாச் சுண்டெலிகளையும் தனித்தனிக் கூண்டில்தான் வைப்போம். ஒப்பீட்டுச் சுண்டெலிகளையும் அப்படியே வைப்பதால் கணக்கு சரியாகிவிடுகிறது என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் தோற்காதது தனியே இருப்பதும், தோற்றது தனியே இருப்பதும் ஒன்றா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. நூற்றுக்கணக்கான கூண்டுகளுக்கு நான் என் கையால் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கூண்டிலும் ஒன்று மட்டும். அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.